மூடுபனியும் கடலை மிட்டாய்த் தாத்தாவும்

பேய்க்கதைன்னா அரைக்கால் டிரவுசர் காலத்துலேர்ந்தே எனக்கு ஒரு தனி ஈர்ப்பு. 'மை டியர் லிசா'வைப் போர்வைக்குள்ள ஒளிஞ்சுகிட்டு ஒரு கண்ணால பார்த்த தலைமுறை நாம. 'விடாது கருப்பு' போடுற ராத்திரி, கொல்லைப்பக்கம் போகணும்னா தம்பியைத் துணைக்குக் கூட்டிட்டுப் போவேன். அவன் என்னை விட நாலு வயசு சின்னவன்ங்கிறது வேற விஷயம் :-)

அந்த பயமெல்லாம் காலைல பல் தேய்க்கும்போது போயிடும். போகாத பயம் ஒண்ணை எனக்குக் கொடுத்தது ஸ்டீபன் கிங்கோட 'தி மிஸ்ட்'. 1980ல ஒரு திகில் தொகுப்புல முதல்ல வந்து, அப்புறம் 1985ல அவரோட 'ஸ்கெலிட்டன் க்ரூ' புத்தகத்துல சேர்ந்த கதை. நாவல்னும் சொல்லலாம், குறுநாவல்னும் சொல்லலாம். புனே வந்த புதுசுல, கேம்ப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில, அட்டை கிழிஞ்ச பிரதி கிடைச்சுது. பொட்டி தட்டிட்டு வந்து ரெண்டு ராத்திரியில முடிச்சேன்.

கதை ரொம்ப சிம்பிள். அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல ஒரு சின்ன ஊர். ராத்திரி பெரிய புயல். மறுநாள் காலைல டேவிட்ங்கிற ஓவியர், தன்னோட சின்னப் பையனையும் பக்கத்து வீட்டுக்காரரையும் காருல ஏத்திகிட்டு சூப்பர் மார்க்கெட்டுக்கு சாமான் வாங்கப் போறார். கடைக்குள்ள இருக்கும்போது ஊரையே ஒரு மூடுபனி வந்து மூடிக்குது. பனிக்குள்ள என்னமோ இருக்கு. வெளியே போறவன் திரும்பி வர்றதில்லை. கடை நிறைய ஜனம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கிறாங்க.

பனிக்குள்ள இருக்கிற ஜந்துக்களை நான் எப்பவோ மறந்துட்டேன். மறக்காம நிக்கிறது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நடந்ததுதான்.

முதல்ல ஒரு விஷயத்தைக் கவனிங்க. அது சூப்பர் மார்க்கெட். அலமாரி அலமாரியா சாப்பாடு இருக்கு. தண்ணி இருக்கு, பீர் கூட இருக்கு. உலகம் அழியுற கதைகள்ல எல்லாம் ஜனங்க ஒரு ரொட்டிக்காக அடிச்சுக்குவாங்க. 'பசி வந்தா பத்தும் பறந்து போகும்'னு நாமளும் மனசைத் தேத்திக்கலாம். இங்கே பசியே கிடையாது. இருந்தும் ரெண்டே ராத்திரியில அந்தக் கடை ஒரு மனுஷக் குழந்தையைப் பலி கேக்குற கூட்டமா மாறிடுது. பயம் மட்டும் போதும், பசி தேவையில்லைன்னு கிங் காட்டுறார்.

மிஸஸ் கார்மடின்னு ஒரு அம்மா. ஊர்ல பழம்பொருள் கடை வெச்சிருக்கிறவங்க. எல்லாருக்கும் அவங்களைத் தெரியும், எல்லாரும் கொஞ்சம் கேலி பண்ணுவாங்க. மூடுபனி வந்த முதல் மணிநேரத்துல, இது கடவுளோட தண்டனைன்னு அவங்க கத்தும்போது யாரும் சீந்தலை. முதல் ராத்திரி ரெண்டு பேர் போய்ப் பக்கத்துல உக்கார்றாங்க. அடுத்த நாள் பத்து பேர். அதுக்கடுத்த நாள் விடியும்போது, வெளியே இருக்கிற பூதத்தைச் சாந்தப்படுத்த டேவிட்டோட பையனைக் கொடுன்னு கேக்குறாங்க. கூட்டமும் சேர்ந்து கேக்குது. அந்த அம்மா புதுசா எதையும் கண்டுபிடிக்கலை. எல்லார் வயித்துலயும் உருவமில்லாம உருண்டுகிட்டிருந்த பயத்துக்கு ஒரு காரணம் சொன்னாங்க. அப்புறம் ஒரு ஆளையும் காட்டினாங்க. அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நார்ட்டனைப் பத்தியும் சொல்லணும். நியூ ஜெர்சி வக்கீல். கோடைக்கு மட்டும் வந்து தங்குற வெளியூர்க்காரர். டேவிட்டோட எல்லைத் தகராறுல கேஸ் போட்டுத் தோத்தவர். குடோனுக்குள்ள பூதம் வந்து ஒரு பையனை இழுத்துட்டுப் போச்சுன்னு உள்ளூர்க்காரங்க சொல்லும்போது, அவர் நம்ப மறுக்கிறார். எல்லாரும் சேர்ந்து வெளியூர்க்காரன்னு தன்னைக் கிண்டல் பண்றாங்கன்னு நினைக்கிறார். கடைசியில தன்னை நம்புற நாலைஞ்சு பேரோட வெளியே போறார். கூடப் போன ஒருத்தரோட இடுப்புல கட்டியிருந்த கொடிக்கயிறு மட்டும்தான் திரும்பி வருது, அதுவும் கடிபட்டு.

முதல் தடவை படிச்சப்போ, 'என்ன ஒரு வீம்பு பிடிச்ச ஆளு'ன்னுதான் தோணுச்சு. சொந்த ஊரை விட்டு வந்து பல வருஷம் ஆன பிறகு திரும்பப் படிச்சா, நார்ட்டன் வேற மாதிரித் தெரியறார். பாஷை புரியாத ஊர்ல நாலு பேர் சேர்ந்து சிரிச்சா, நம்மளைப் பார்த்துத்தான் சிரிக்கிறாங்களோன்னு ஒரு நொடி தோணுமே, அது தெரியாத நம்மாள் யாராவது உண்டா?

'அமெரிக்காக்காரன் கற்பனை, நமக்கென்ன'ன்னு விட்டுட முடியலை. நான் இருக்கிறது விமான் நகர். தலைக்கு மேல பத்து நிமிஷத்துக்கு ஒரு விமானம், கீழே சிம்பயோசிஸ் பசங்க, கண்ணாடிக் கட்டடங்க, மால். புனேக்காரங்களை விட வெளியூர்க்காரங்கதான் இங்கே அதிகமோன்னு தோணும். ஆனா இந்த ஊரும் அந்த மூடுபனியைப் பார்த்த ஊர்தான்.

1897ல புனேயில பிளேக். அதுக்கு முந்தின வருஷக் கடைசியில பம்பாய்ல ஆரம்பிச்சு இங்கே வந்து சேர்ந்தது. அந்த வருஷம் பிப்ரவரியில வெள்ளைக்காரன் ஒரு தொற்றுநோய்ச் சட்டம் போட்டான். (2020ல கொரோனாவுக்கு எடுத்துப் பயன்படுத்தினது அதே சட்டத்தைத்தான்.) ராண்ட்ங்கிற ஐ.சி.எஸ். அதிகாரி பிளேக் கமிட்டித் தலைவர். பட்டாளத்துக்காரங்களை வீடு வீடா அனுப்பினார். பூஜையறை வரைக்கும் புகுந்து தேடினாங்க, பொம்பளைங்களை அந்நிய ஆம்பளைங்க முன்னாடி நிக்க வெச்சுச் சோதிச்சாங்க, சாமான்களைத் தெருவுல போட்டு எரிச்சாங்க, சந்தேகப்பட்டவங்களை முகாமுக்கு இழுத்துட்டுப் போனாங்க. ஜனங்க நோயை விட முகாமுக்கு அதிகமா பயந்தாங்க. நோயாளியை மறைச்சாங்க, ஊரை விட்டு ஓடினாங்க.

1897 ஜூன் 22. விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து அறுபது வருஷம் ஆன வைர விழா. கணேஷ்கிண்ட்ல கவர்னர் மாளிகையில விருந்து. முடிஞ்சு திரும்பும்போது ராண்டையும் அயர்ஸ்ட்ங்கிற இன்னொரு அதிகாரியையும் சாபேகர் சகோதரர்கள் சுட்டாங்க. அயர்ஸ்ட் அங்கேயே செத்தார், ராண்ட் சில நாள் கழிச்சு. சகோதரர்களைத் தூக்குல போட்டாங்க. திலகரை ராஜத்துரோக வழக்குல உள்ளே தள்ளினாங்க. நோய், அதுக்கு பயம், பயத்துக்குப் பட்டாளம், பட்டாளத்துக்குத் துப்பாக்கி... ஒண்ணு மேல ஒண்ணு.

அதே வருஷம், அதே ஊர்ல, இன்னொண்ணும் நடந்தது. சாவித்திரிபாய் பூலேயும், டாக்டருக்குப் படிச்ச அவங்க வளர்ப்பு மகன் யஷ்வந்தும் ஊருக்கு வெளியே பிளேக் நோயாளிகளுக்குன்னு ஒரு மருத்துவமனை நடத்தினாங்க. முந்த்வாவுல ஒரு தலித் பையனுக்கு பிளேக்னு கேள்விப்பட்டு, அறுபத்தாறு வயசான அந்த அம்மா அவனை முதுகுல தூக்கிகிட்டு வந்தாங்க. நோய் அவங்களுக்கும் தொத்திகிச்சு. 1897 மார்ச் 10ல காலமானாங்க. விமான் நகர்லேர்ந்து ஆத்துப் பாலத்தைத் தாண்டினா முந்த்வா. ஆபீஸ் கேப் தினமும் டிராஃபிக்ல மாட்டி நிக்கிற அதே முந்த்வாதான்.

அந்த கவர்னர் மாளிகை இப்போ பல்கலைக்கழகத்தோட முக்கியக் கட்டடம். 2014ல பல்கலைக்கழகத்துக்குப் பேர் மாத்தினாங்க: சாவித்திரிபாய் பூலே புனே பல்கலைக்கழகம். ராண்ட் கடைசி விருந்து சாப்பிட்ட வீட்டுக்கு, பிளேக் பையனை முதுகுல சுமந்த அம்மா பேரு! யாராவது இதை யோசிச்சு வெச்சாங்களா தெரியாது, எனக்கு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

அது நூறு வருஷத்துக் கதைன்னு சொல்றவங்களுக்கு, நம்ம கண் முன்னாடி நடந்தது 2012 ஆகஸ்ட். அஸ்ஸாம்ல ஜூலைல கலவரம். அதுக்குப் பழிவாங்குறோம்னு புனேயில சில வடகிழக்குப் பசங்களை அடிச்சாங்க. அடிச்சது கொஞ்சம் பேரை. ஆனா அதுக்கப்புறம் பறந்த எஸ்.எம்.எஸ்.களுக்குக் கணக்கே கிடையாது. ஆகஸ்ட் 15ஐ ஒட்டி பெங்களூர் ஸ்டேஷன்ல ஆயிரக்கணக்குல வடகிழக்குக்காரங்க குவிஞ்சாங்க. கௌஹாத்திக்கு ஸ்பெஷல் ரயில் விட்டாங்க. புனேயிலேர்ந்தும் சென்னையிலேர்ந்தும் கூடக் கிளம்பினாங்க. ஒரே நேரத்துல அஞ்சு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு மேல அனுப்பக் கூடாதுன்னு அரசாங்கம் பதினஞ்சு நாளைக்குத் தடை போட்டது. வதந்தியில சொன்ன படுகொலை கடைசி வரைக்கும் நடக்கவே இல்லை. ஆனா பயந்து ஓடினது நிஜம். போட்டது போட்டபடி விட்டுட்டுப் போன வேலையும் நிஜம்.

இப்போ 2018க்கு வரேன். இந்தப் பதிவை எழுத வெச்சதே அந்த வருஷம்தான்.

ஒரு வீடியோ சுத்துச்சு, ஞாபகம் இருக்கா? தெருவுல பசங்க கிரிக்கெட் விளையாடிகிட்டிருப்பாங்க. பைக்ல வர்ற ரெண்டு பேர் ஒரு பையனைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. உண்மையில அது பாகிஸ்தான்ல, கராச்சியில, குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில பைக்காரங்க பையனைத் திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டு, ஒரு அட்டையைக் காட்டுவாங்க. யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிட்டு மீதியை அனுப்பிட்டாங்க.

எனக்கு அந்த வீடியோ ரெண்டு பக்கத்துலேர்ந்து வந்துச்சு. ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க குழுவுல வந்ததுல, 'வடநாட்டுலேர்ந்து ஒரு கூட்டம் இறங்கியிருக்கு, இந்தி பேசுவாங்க, ஜாக்கிரதை'. நாங்க இருக்கிற சொசைட்டி குழுவுல வந்ததுல, 'வெளி மாநிலத்துலேர்ந்து ஒரு கூட்டம் வந்திருக்கு, இந்தி சரியா வராது, ஜாக்கிரதை'. ஒரே போன், ஒரே வீடியோ! ரெண்டையும் அடுத்தடுத்து பார்த்தப்போ மிஸஸ் கார்மடிதான் ஞாபகத்துக்கு வந்தாங்க. பூதத்துக்குன்னு சொந்த முகம் கிடையாது. எந்த ஊருக்குப் போகுதோ, அந்த ஊருக்குத் தெரியாத முகத்தை வாங்கி மாட்டிக்குது.

அந்த ஜூன் மாசம் அப்பா எங்களோட இருந்தார். கோவில்பட்டியிலேர்ந்து நாகர்கோவில் - மும்பை ரயில்ல வந்திருந்தார். தபாலாபீஸ்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தமிழும், மணியார்டர் பாரத்துக்குத் தேவையான அளவு இங்கிலீஷும்தான் தெரியும். கோவில்பட்டிக்காரர் வெளியூர் போனா பையில என்ன இருக்கும்னு உங்களுக்கே தெரியும். நாலு கிலோ கடலை மிட்டாய். சாயங்காலம் பார்க்குல போய் உக்காருவார், சட்டைப் பையில ஏழெட்டு மிட்டாய் இருக்கும். பேரன் கூட விளையாடுற பசங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒண்ணு. பசங்களுக்கு அவர் பேரே 'மிட்டாய் ஆஜோபா'. ஆஜோபான்னா மராத்தியில தாத்தா.

ஜூன் கடைசி வாரத்துல ஒரு நாள், பேரனுக்குக் காய்ச்சல். அப்பா தனியாப் போய் உக்கார்ந்திருக்கார். பக்கத்துல வந்த, புதுசா ஒரு குழந்தைக்கு மிட்டாயை நீட்டியிருக்கார். அந்தக் குழந்தையோட அம்மா ஓடி வந்து கையைத் தட்டிவிட்டு, இந்தியில என்னமோ கேட்டிருக்காங்க. இவர் தமிழ்ல, "ஒண்ணுமில்லம்மா, கடலை மிட்டாய்தான், பிள்ளைக்குக் குடுங்க"ன்னு சொல்லியிருக்கார். அவங்களுக்கு அது வேற என்னவாவோ கேட்டிருக்கும். மூணு பேர் வந்தாங்க, அப்புறம் எட்டு பேர். 'எந்த ஃபிளாட்?'னு கேட்டிருக்காங்க. இவருக்குக் கேள்வி புரியலை, அதனால சிரிச்சிருக்கார். வயசானவங்க புரியலைன்னா சிரிப்பாங்களே, அந்தச் சிரிப்பு. ஒருத்தர் போனை எடுத்து போட்டோ பிடிச்சிருக்கார். இன்னொருத்தர் சட்டைப் பையில கைவிட்டு மிட்டாயை எடுத்து எல்லாருக்கும் காட்டியிருக்கார்.

அந்த நேரத்துக்கு வாட்ச்மேன் வந்தார். பீகார்க்காரர். தமிழ் தெரியாது, மராத்தியும் அரைகுறை. அவர் சொன்னது ஒரே வரி. "இன்கோ மைன் ஜான்தா ஹூன்." இவரை எனக்குத் தெரியும். அப்புறம் அப்பா கையைப் பிடிச்சு எங்க வீட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுப் போனார்.

நான் ஆபீஸ்லேர்ந்து வரும்போது, அப்பா எதுவும் நடக்காத மாதிரி காப்பி குடிச்சுகிட்டிருந்தார். தங்கமணிதான் சமையலறைக்குள்ள கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாங்க. குழுவுல அப்பா படம் வந்திருந்தது, 'யார் இந்த ஆள்?'னு ஒரு வரியோட. தங்கமணி அதுக்குக் கீழே மராத்தியில பதில் எழுதியிருந்தாங்க. 'இவர் என் மாமனார், எங்க வீட்டுக்கு வந்திருக்கார், மிட்டாய் வேணும்கிறவங்க வீட்டுக்கு வந்து வாங்கிக்கலாம்'னு. கூடவே அப்பாவைச் சுத்திப் பசங்க நிக்கிற ஒரு பழைய போட்டோ. பத்து நிமிஷத்துல முதல் படத்தைப் போட்டவரே அதை எடுத்துட்டார். மறுநாள் காலைல அந்தக் குழந்தையோட அம்மா வீட்டுக்கு வந்தாங்க, கையில ஒரு டப்பா ஷீரா. மன்னிப்புன்னு வாயால சொல்லலை. டப்பாவை அப்பா கையில கொடுத்து, காலைத் தொட்டுக் கும்பிட்டாங்க. அப்பா கண் கலங்கிட்டார்.

நாலு நாள் கழிச்சு, ஜூலை 1, ஞாயித்துக்கிழமை. புனேயிலேர்ந்து முந்நூறு கிலோமீட்டருக்குச் சொச்சம் தள்ளி, துளே மாவட்டத்துல ராயின்பாடாங்கிற கிராமம். வாரச்சந்தை நாள். சோலாப்பூர் பக்கத்துலேர்ந்து, ஊர் ஊராப் போய் யாசகம் வாங்கிப் பிழைக்கிற நாத பந்தி டவரி கோசாவி சமூகத்துக்காரங்க பஸ்ல வந்து இறங்கியிருக்காங்க. அதுல ஒருத்தர் ஒரு சின்னப் பெண்ணோட பேச முயற்சி பண்ணினார்னு சந்தேகம். சந்தைக் கூட்டம் சூழ்ந்துகிட்டது. பஞ்சாயத்து ஆபீஸ் அறைக்குள்ள இழுத்துட்டுப் போய் அடிச்சாங்க. அஞ்சு பேர் செத்தாங்க.

திங்கட்கிழமை காலைல டிவியில செய்தி ஓடுது. அப்பா சத்தத்தைக் குறைக்கச் சொல்லிட்டு என்னைக் கேட்டார்.

"ஏல, அந்த அஞ்சு பேருக்கும் மராத்தி தெரியாதோ?"

"தெரியும்ப்பா. மராத்தி பேசுறவங்கதான். இதே மாநிலத்து ஆளுங்க."

அப்பா கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "அப்ப பாஷையில இல்லல விஷயம்"னார்.

அவர் சொன்னது சரி. அந்த நாலு நாளா, அப்பாவுக்கு நாலு வார்த்தை இந்தி கத்துக்கொடுத்தா போதும்னு நாங்க நினைச்சுகிட்டிருந்தோம். ரெண்டு மாசம் முன்னாடி, மே 9ம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர்ல நடந்ததை நினைச்சுப் பாருங்க. சென்னையிலேர்ந்து குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த குடும்பம். தமிழ்க் குடும்பம், தமிழ் பேசுற கிராமம். வழியில குழந்தைங்களுக்கு சாக்லேட் கொடுத்தாங்க. அதுக்காகத் துரத்தி அடிச்சதுல அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா செத்தாங்க. கடலை மிட்டாய் இல்லை, சாக்லேட். வித்தியாசம் அவ்வளவுதான். அத்திமூர்ல, 'இவங்களை எனக்குத் தெரியும்'னு சொல்ல ஒரு ஆள் இல்லை.

'இதெல்லாம் படிக்காத ஜனங்க பண்றது சார்'னு ஒரு நண்பர் அப்போ சொன்னார். 2020 ஏப்ரல்ல சென்னையில நடந்ததுக்கு அவர் என்ன சொல்வார்? கொரோனாவுல இறந்த ஒரு மூத்த நரம்பியல் அறுவை மருத்துவரைப் புதைக்க விடாம, ஆம்புலன்ஸைக் கல்லாலயும் கட்டையாலயும் அடிச்சு விரட்டினாங்க. ராத்திரியோட ராத்திரியா, கூட வேலை பார்த்த டாக்டர் ஒருத்தர் தானே மண்வெட்டி பிடிச்சுப் புதைச்சார். அது சந்தைக்கு வந்த கிராமத்துக் கூட்டம் இல்லை. அண்ணா நகரை ஒட்டின சுடுகாடு. உயிரைக் காப்பாத்துற டாக்டரே ஒரே நாள்ல தெரியாத முகமாயிட்டார்.

சரி, அந்தக் கூட்டத்துல நாம எந்தப் பக்கம்? புலம்பெயர்ந்த நமக்கு எப்பவும் பாதிக்கப்பட்டவங்க பக்கம் நம்மளை நிறுத்திக்கப் பிடிக்கும். காரணமும் இருக்கு. 1966ல சிவசேனை ஆரம்பிச்ச புதுசுல பம்பாய்ல தென்னிந்தியர்களுக்கு நடந்ததைப் பெரியவங்க இன்னும் மறக்கலை. ஆனா 2023 மார்ச்சை நினைச்சுப் பாருங்க. தமிழ்நாட்டுல பீகார்த் தொழிலாளர்களைக் கொல்றாங்கன்னு, வேற எங்கெங்கேயோ நடந்ததையெல்லாம் ஒட்டிப் பொய் வீடியோக்கள் பரவுச்சு. திருப்பூர்லேர்ந்து ஜனங்க மூட்டை கட்டினாங்க. போலீஸ் அதிகாரிங்க இந்தியில பேசி வீடியோ போட வேண்டியிருந்துச்சு. 2012ல பெங்களூர்ல இருந்த அதே பயம், இந்தத் தடவை நம்ம ஊரைப் பார்த்து. அந்த வாரம் எங்க வாட்ச்மேன் என்கிட்ட வந்து, "சாப், என் தம்பி திருப்பூர்ல இருக்கான். அங்கே நிஜமாவே ஆபத்தா?"ன்னு கேட்டார். எங்க அப்பாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்த அதே மனுஷர். திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கிற என் சித்தப்பா பையனுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவன் நேர்ல போய் அந்தத் தம்பியைப் பார்த்து, ரெண்டு பேரும் சேர்ந்து வீடியோ கால்ல வந்தாங்க. வாட்ச்மேன் போனைப் பிடிச்சுகிட்டு சிரிச்சது இன்னும் கண்ணுல இருக்கு.

கிங்கோட கதைக்குத் திரும்பி வரேன். அதுல மிஸஸ் கார்மடியை நிறுத்துறது ஒரு துப்பாக்கி. கடை உதவி மேனேஜர் சுட்டுடறார். கதைக்கு அது சரி, வாழ்க்கைக்கு உதவாது. அதே புத்தகத்துல இன்னொரு இடம்தான் எனக்கு முக்கியம். மூடுபனி வந்த கொஞ்ச நேரத்துல ஒரு அம்மா, வீட்டுல ரெண்டு குழந்தைங்களைத் தனியா விட்டுட்டு வந்துட்டேன், யாராவது கூட வாங்களேன்னு ஒவ்வொருத்தரையும் கேக்குறாங்க. ஒருத்தரும் அசையலை. டேவிட்டும்தான். அந்த அம்மா தனியா பனிக்குள்ள நடந்து போயிடறாங்க.

(2007ல ஃபிராங்க் டாரபாண்ட் எடுத்த படத்தைப் பார்க்காதவங்க இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க.) படத்தோட முடிவு புத்தகத்துல இல்லாதது. காருல தப்பிச்சுப் போற டேவிட், பெட்ரோல் தீர்ந்ததும், இனி வழியில்லைன்னு பயந்து மகனையும் கூட வந்தவங்களையும் தன் கையாலேயே சுட்டுடறான். சில நிமிஷத்துல பனி விலகுது. ராணுவம் வருது. போற லாரியில ஒரு பெண் நின்னுகிட்டிருக்கா, ரெண்டு குழந்தைங்களை அணைச்சுகிட்டு. கூட யாரும் வரமாட்டேன்னு சொன்ன அதே அம்மா. கிங்கே இந்த முடிவைப் பாராட்டினார்.

நிஜத்துலயும் கூட நடந்தவங்க உண்டு. ராயின்பாடா நடந்த அதே ஞாயித்துக்கிழமை ராத்திரி, மாலேகாவ்ல. அங்கேயும் அதே வதந்தி, அதே சந்தேகம். ஒரு சின்னக் குழந்தையோட வந்த அஞ்சு பேரை ஒரு பெரிய கூட்டம் சூழ்ந்துகிட்டது. உள்ளூர்க்காரர் ஒருத்தர் அவங்களை ஒரு வீட்டுக்குள்ள இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். கூட்டம் போலீஸ் வண்டியைக் கூட விடலை. ஆனா போலீஸ் வந்து அஞ்சு பேரையும் உயிரோட மீட்டது. ராயின்பாடாவுல கதவைச் சாத்தினது அடிக்கிறதுக்கு. மாலேகாவ்ல காப்பாத்துறதுக்கு. அந்த ஜூலையிலேயே வாட்ஸ்அப் இந்தியாவுல ஒரு செய்தியை அஞ்சு பேருக்கு மேல முன்னனுப்ப முடியாதபடி பண்ணுச்சு. நல்லதுதான். ஆனா கதவைச் சாத்த ஆள் வேணும், அதை எந்தக் கம்பெனியும் கொடுக்காது.

அதனால நம்ம குடும்பங்களுக்கு நான் சொல்றது ரொம்பச் சின்ன விஷயம். ஊர்லேர்ந்து அப்பா அம்மா, அத்தை மாமா வந்தா, முதல் நாளே மாடிக்கும் கீழுக்கும் ஒரு நடை கூட்டிட்டுப் போங்க. பக்கத்து வீடு, வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், பால்காரர், பார்க்குல உக்கார்ற மத்த தாத்தா பாட்டிங்க. பேர் சொல்லி அறிமுகப்படுத்துங்க. அவங்க வீட்டுப் பெரியவங்க பேரையும் நாம தெரிஞ்சு வெச்சுக்கலாம். ஒரு வீடியோ வந்தா, 'எந்த ஊர், எந்தத் தேதி, எந்த போலீஸ் ஸ்டேஷன்?'னு கேளுங்க. மூணுல ஒண்ணுக்கும் பதில் இல்லைன்னா, அது உங்க போனோட நிக்கட்டும்.

இங்கே வர்ற நம்மாளுங்க எல்லாரும் முதல்ல கத்துக்கிற மராத்தி வாக்கியம் 'மலா மராட்டி யேத் நாஹி'. எனக்கு மராத்தி தெரியாது. அதோட இன்னொண்ணையும் சேர்த்துக் கத்துக்குங்க. 'மீ யான்னா ஓளக்தோ.' பெண்கள் சொல்றதா இருந்தா 'ஓளக்தே'. இவரை எனக்குத் தெரியும்னு அர்த்தம். எப்ப தேவைப்படும்னு சொல்ல முடியாது. சொல்லிப் பழகி வெச்சுக்குங்க.